இரண்டு பூட்டு போட்ட கேட்

மராட்டிய மண்ணில், போபோடியில் எங்கள் தமிழ்ச் சந்துக்கும் மராட்டிக்காரர்கள் சந்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கேட். தொண்ணூற்று மூன்றில் குழாயடிச் சண்டை முற்றி என் மண்டை உடைந்ததும், அவர்கள் ஒரு பூட்டு போட்டார்கள், நாங்களும் ஒன்று போட்டோம். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். எங்கள் பிள்ளைகள் ரயில் பாதையைத் தாண்டிச் சுற்றிப் போகும்.

அந்தச் சண்டையால் முன்னுக்கு வந்தவர் ஒருவர்தான். டாக்டர் பத்மநாபன். ஊசி போடும் டாக்டர் இல்லை. சமூகங்களுக்கு இடையே உள்ள உறவை ஆராய்கிறவர். சென்னைக்காரர், வசதியானவர்கள் இருக்கும் ஔந்தில் வீடு. முதல் தடவை வந்து ‘மோதல்’ என்று எழுதிக்கொண்டு போனார். ஐந்து வருஷம் கழித்து மோதல் பழசாகிவிட்டதாம், ‘அடையாளம்’ என்று வந்தார். புடவைக் கடையில்கூட இப்படி டிசைன் மாறாது. இரண்டு தடவையும் என் மனைவி தர்மாம்பாள் போட்ட டீயைக் குடித்தார். கேட்டைத் திறக்க வழி கேட்டால், “அது என் வேலை இல்லை, ஜான்” என்பார்.

2004 ஜூனில் என் மகள் மீனு இரண்டு ரயில்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். எட்டு வயசு. அலறிக்கொண்டு நின்றவளைத் தூக்கி வந்தது மராட்டிச் சந்துக்காரர் சாவந்த், அன்று என் மண்டையை உடைத்த அதே சாவந்த். திங்கட்கிழமை காலை அவர்கள் பூட்டின் சாவியோடு வருவதாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, ஞாயிற்றுக்கிழமை பத்மநாபன் ஒரு கட்டு படிவத்தோடு வந்து நின்றார்.

“ஜான், அவசரப்பட்டுத் திறந்துடாதீங்கோ. இப்ப எல்லாரும் ‘தொடர்பு’ பத்திதான் ஆராயறா. கேட் மூடியிருக்கறப்போ ரெண்டு தடவை, திறந்தப்புறம் ஒரு தடவை கேள்வி கேக்கணும். ஆறே மாசம்.”

“மீனு தண்டவாளத்துல மாட்டிக்கிட்டா சார்.”

“அடடா! ஒரு வேன் ஏற்பாடு பண்ணிக்கோங்கோ. எங்க பொண்ணு சஹானா வேன்லதான் போறா.”

நான் படிவக் கட்டைத் தள்ளி வைத்தேன். “உங்க சஹானாவ ஆறு மாசம் அந்தத் தண்டவாளத்தத் தாண்டிப் போகச் சொல்லுங்க சார். அப்ப நானும் திறக்காம இருக்கேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். படித்தவர்களுக்குப் பதில் இல்லாதபோது கண்ணாடி அழுக்காகிவிடும். தர்மாம்பாள் டீ கொண்டுவரவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு சாவந்த் ஒரு பூட்டைத் திறந்தார், நான் இன்னொன்றைத் திறந்தேன். கேட் கிறீச்சிட்டது. பத்மநாபன் நேராகக் கேட் வாசலிலேயே வந்து நின்றுகொண்டார். யாராவது போவதற்கு முன் நாலு படிவமாவது நிரப்ப வேண்டுமாம்.

மீனு பையை மாட்டிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

“அங்கிள், ஹடோ நா, தள்ளுங்க. ஸ்கூலுக்கு லேட்டாவுது.”

அவர் நகர்ந்தார். பதினோரு வருஷத்தில் அந்த மனுஷர் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.