எப்சிபாவுக்கு நாலு மணிக்கு அடக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடி, எப்சிபா இறந்துவிட்டாள் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் வாசிக்கப்பட்டபோது எப்சிபா பெண்கள் பக்கம் முன் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது.

"கொட்டாவி விடுதாளே," என்றாள் அவளுடைய அம்மா பியூலா.

"செத்தவங்களுக்கு வாய் தொறந்துதான் இருக்கும்," என்றார் கமிட்டிச் செயலர் ஞானதுரை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை எப்சிபாவின் பள்ளிக்கூடத்தில் ஹாலோவீன் கொண்டாடினார்கள். ஒரு பிள்ளை சூனியக்காரியாக வந்தது. ஒரு பிள்ளை வௌவாலாக வந்தது. எப்சிபா எலும்புக்கூடாகப் போனாள். கறுப்புப் பனியன், கறுப்புக் கால்சட்டை, மேலே வெள்ளைப் பிளாஸ்திரியில் எலும்புகள். ஒட்டிவிட்டது பியூலா. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் ஒரு எலும்பும் இடம் மாறவில்லை. அதுவே வினையாயிற்று. பெருமை தாங்காமல் படத்தைச் சபையின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். செயலர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"விலா எலும்பு வெளிய தெரியுது. உயிரோட இருக்க ஆளுக்கு விலா எலும்பு வெளிய தெரியுமா? நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்க."

பியூலா மகளின் மணிக்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நாடி துடிக்குது அண்ணாச்சி. பிடிச்சுப் பாருங்க."

"அது உலகப்பிரகாரமான நாடி," என்றார் செயலர்.

பக்கத்தில் நின்றவர்கள் ஆமென் என்றார்கள்.

"பிள்ளைகள் விளையாட்டு அண்ணாச்சி. பிளாஸ்திரிய அன்னைக்கே உரிச்சுப் போட்டாச்சு."

"விளையாட்டா? மேல்நாட்டுப் பேய்ப் பழக்கம் நம்ம பிள்ளைகளைச் சீரழிக்குது," என்றார் செயலர். வியர்வையில் நனைந்த கோட்டின் பொத்தானைக் கழற்றி, டையை நெகிழ்த்திக்கொண்டார். அவர் தலைக்கு மேல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மணி தொங்கியது. முதுகுக்குப் பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்கன் இருந்தது. "நமக்குன்னு ஒரு பண்பாடு இருக்குல்லா?"

மணி துக்கமாக ஒலிக்கத் தொடங்கியது. அடித்து முடித்ததும் கோயில்பிள்ளை சீமோன் இறங்கி வந்தார். மணி அடிப்பதும் குழி வெட்டுவதும் அவர் பொறுப்பு. கையில் அளவு நாடா வைத்திருந்தார்.

"கொஞ்சம் நேரா நில்லு தாயி," என்றார் எப்சிபாவிடம்.

எப்சிபா நேராக நின்றாள். அளவெடுத்தால் புதுச்சட்டை வரும் என்பது அவள் அனுபவம்.

"எப்ப?" என்று பியூலா கேட்டாள்.

"நாலு மணிக்கு. இன்னைக்குக் கல்லறைத் திருநாள். எப்படியும் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. தோதா இருக்கும்," என்றார் சீமோன்.

வந்த கோபத்தில் பியூலா குடையை மறந்துவிட்டு நடந்தாள். நேராகச் சேகர குருவானவரின் வீட்டுக்குப் போனாள். அங்கே அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். மற்ற நாட்களில் அது சின்ன வராந்தா. இன்று நடக்க நடக்க நாற்காலிகள் வந்துகொண்டே இருந்தன. சுவரில் பழைய ஐயர்மாரின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அவை முடிந்ததும் இனி வரப்போகிற ஐயர்மாரின் படங்கள் தொடங்கின. அவர்களும் ஒன்றும் சொல்கிற மாதிரி இல்லை.

கடைசி நாற்காலியில் ஐயர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எம் பிள்ளை உயிரோட இருக்கா."

"தெரியும்மா. காலைல கூட எனக்குத் தோத்திரம் சொன்னா. நல்ல பிள்ளையா இருந்தா."

"இருக்கா."

"இருந்தா," என்று ஐயர் மெதுவாகத் திருத்தினார்.

"வருஷா வருஷம் யவீரு மகளைப் பத்திப் பிரசங்கம் பண்ணுதீங்க. பிள்ளை சாகலன்னு ஆண்டவர் சொன்னப்ப, சுத்தி நின்னவங்க கேலி பண்ணிச் சிரிச்சாங்கன்னு கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுச் சொல்லுதீங்க."

"அருமையான பகுதி."

"இப்ப நீங்க யார் பக்கம் நிக்கீங்க?"

ஐயர் ஒரு சுளையை வாயில் போட்டு, விதையைத் துப்பும்வரை யோசித்தார். "எனக்கு மே மாசம் டிரான்ஸ்பர் வருதும்மா," என்றார்.

பியூலா திரும்பி வந்தபோது தெருவெங்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நடுவில் கோட்டுப் போட்ட கமிட்டி உறுப்பினர்கள் வரிசையாகக் காதில் செல்போனுடன் நின்றார்கள். மூலையில் தபால்தலை அளவுக்கு எப்சிபா இருந்தாள்.

பக்கத்து வீட்டு எமல்டாக்கா பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து துக்கம் விசாரித்தாள். பழக்க தோஷத்தில் எப்சிபாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். பிறகு ஞாபகம் வந்து அதை வாங்கித் தானே குடித்தாள்.

மஸ்கட்டிலிருந்து பியூலாவின் கணவன் ஜெபசிங் கூப்பிட்டான்.

"குழுவுல பாத்தேன் பியூலா. எப்படி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பக்கத்துல உக்காந்து தோசை திங்கா. பேசுதீங்களா?"

"இப்ப எப்படிப் பேசுவேன்? மனசு தாங்குமா?"

"உங்க மக தோசை திங்கான்னு சொல்லுதேன்."

"லீவு கேட்டிருக்கேன். தைரியமா இரு," என்று அவன் அழுதுகொண்டே போனை வைத்தான்.

"அப்பா வராங்களா?" என்று எப்சிபா கேட்டாள்.

"உனக்கு அடக்கமாம். அதுக்கு வராராம்," என்று பியூலா தோசைக்கரண்டியைத் தட்டில் எறிந்தாள்.

நாலு மணிக்கு அவள் மகளை இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அடக்கத்துக்கு அல்ல, சண்டைக்கு. வாசலில் பலூன்காரர் நின்றார். பஞ்சுமிட்டாய் வண்டி நின்றது. உள்ளே வெள்ளையடித்த கல்லறைகள் மேல் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்திருந்தன. எங்கே பார்த்தாலும் மெழுகுவர்த்தி. பிள்ளைகள் ஒரு கல்லறையிலிருந்து அடுத்ததற்குத் தாவி விளையாடினார்கள். பெரியவர்கள் சிலுவையைக் கட்டிக்கொண்டு செல்பி எடுத்தார்கள்.

செயலர் தன் அப்பாவின் பளிங்குக் கல்லறை அருகே நின்றார். பக்கத்திலேயே புதுக் குழி.

"வெள்ளிக்கிழமை எம் பிள்ளை எலும்பு ஒட்டுனா பேய்ப் பண்டிகை. ஞாயித்துக்கிழமை ஊரே எலும்பு மேல மெழுகுவத்தி ஏத்துனா அது என்ன பண்டிகை அண்ணாச்சி?"

"அது வேற."

"எப்படி வேற?"

"இது நம்ம எலும்பு," என்றார் செயலர்.

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. ஐயர் அங்கியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தைத் திறந்தார். சீமோன் பெட்டியைக் கொண்டுவந்து எப்சிபாவின் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தார். பெட்டி அவள் காதுவரைதான் வந்தது.

"காலைல அளந்தப்ப சரியா இருந்துச்சு. அதுக்குள்ள வளந்துட்டா," என்றார்.

"செத்த பிள்ளை வளருமா?" என்று பியூலா கேட்டாள்.

"அது கமிட்டிகிட்ட கேளுங்கம்மா. எனக்குப் பெட்டி மட்டுந்தான்."

பெட்டியை நீட்டிக்கொண்டு வரத் தச்சரிடம் ஆள் போனது. எல்லாரும் காத்திருந்தார்கள். எப்சிபா குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"எம்மா, பசிக்கு."

ஐயர் புத்தகத்துக்குள் இன்னும் ஆழமாகப் பார்த்தார். பியூலா சுற்றிலும் பார்த்தாள். செயலருடைய அப்பாவின் கல்லறையில், ஒரு மலர்வளையத்துக்கு அடியில், வாழையிலை தெரிந்தது. வளையத்தைத் தூக்கினாள். இலை நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"ஏ, அதை எடுக்காத. அது எங்க அப்பாவுக்கு வச்சது," என்றார் செயலர்.

கூட்டம் அவரைப் பார்த்தது.

"செத்தவங்களுக்குப் படைக்கிறது அஞ்ஞானம்னு துண்டு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தது நீங்கதான அண்ணாச்சி?"

"இது படையல் இல்ல. ஞாபகார்த்தம்."

"செத்தவங்களுக்கு வச்சதை இவ திங்கக்கூடாதுன்னா, இவ உயிரோட இருக்கான்னு அர்த்தம். திங்கலாம்னா வாயை மூடிட்டு நில்லுங்க. ரெண்டுல எதுன்னு இப்ப சொல்லணும்."

எப்சிபா முந்திரிக்கொத்தைக் கடிக்கும் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

அப்போது பளிங்குக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"துரை, என்னல சத்தம் அங்க?"

செயலர் கையைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லப்பா. இன்னைக்குச் செத்த பிள்ளைப்பா."

"எந்தப் பிள்ளை?"

"ஜெபசிங் மக. எப்சிபா."

மண்ணுக்கடியில் ஒருவர் அடுத்தவரிடம் விசாரிக்கும் முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் போய்த் திரும்பி வந்தது.

"அப்படி யாரும் வரலையே."

"தீர்மானம் போட்டிருக்குப்பா. ஏகமனதா."

"செத்திருந்தா எங்களுக்குத் தெரியாதால?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பளிங்குக்கு அடியில் குரல் மறுபடி வந்தது. "கொத்துல இனிப்பு காணாதுன்னு உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

செயலர் டையை இறுக்கிக்கொண்டார். "விஷயம் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது," என்று அறிவித்தார். கூட்டம் ஆமென் என்றது. எப்சிபா உயிரோடு இருப்பது ஏகமனதாக நிறைவேறியது.

"பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றாள் பியூலா.

"நிகழ்ச்சி நிரல்ல அது இல்லையேம்மா."

"மணி அடிக்கத் தெரியுது. போஸ்டர் ஒட்டத் தெரியுது. ஒரு பிள்ளை முகத்தைப் பாத்து, தப்புதான் தாயின்னு சொல்ல உங்க ஒருத்தர் வாயிலயும் நாக்கு இல்ல."

எல்லாரும் மெழுகுவர்த்திகளைப் பார்த்தார்கள். சீமோன் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"குழியை என்ன செய்ய அண்ணாச்சி?"

"மூடிரு."

"ஆள் இல்லாம மூட முடியாது. ஜெபம் பண்ணி வெட்டுன குழி. யாராவது போயித்தான் ஆகணும்."

கூட்டம் ஓரடி பின்னால் போனது. செயலர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்.

பியூலா இலையோடு முந்திரிக்கொத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னால் செயலர் பெயர்களை முன்மொழிவது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் வழிமொழிய உடனே ஒரு குரல் இருந்தது.