இரண்டு மாத்திரை வெட்கம்

காபித் தட்டைத் தூக்கியதும் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட்டன.

"கூடத்துல எல்லாரும் காத்துனு கீறாங்க. கெட்டியாப் புடிடீ!" என்று பல்லைக் கடித்தாள் ஜோதியம்மாள்.

மகள் கஸ்தூரி பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கைதான் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் வேறு நெல் அரைக்கும் மெஷின் ஓடியது.

போன மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்த வெள்ளையம்மாள், "பொண்ணு லட்சணம்தான். ஒடம்புதான் ஜாஸ்தி. எளைக்கட்டும், மறுபடி வரோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அடி அண்ணாமலைக்காரர்களுக்கு மலை வாசலிலேயே இருக்கிறது. ஜோதியம்மாள் மகளைத் தினமும் அதைச் சுற்ற விட்டாள். சுற்றிவிட்டு வந்தவள் இரண்டு மடங்கு சாப்பிட்டாள். அதன் பிறகுதான் அத்தை ரேணுகாம்பாளின் இளைக்கிற மாத்திரை வீட்டுக்குள் வந்தது.

அத்தைக்கு அதை எழுதிக்கொடுத்தவர் வேலூர் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சைச் சோதித்து, காலையில் ஒன்று, சில வாரம் மட்டும், படபடத்தால் நிறுத்திவிட்டு ஓடி வா என்றிருந்தார். காரணம் இருக்கிறது. அந்த மாத்திரை வயிற்றை நிரப்புவதில்லை, மூளையை ஏமாற்றுகிறது. மாடு முட்ட வருகிறது, ஓடு என்கிறது. துரத்தும் மாட்டுக்கு முன்னால் யாருக்குப் பசிக்கும்? ஆனால் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குள் இதயம் மட்டும் ஓடுகிறது. வாய் வறள்கிறது, தூக்கம் போகிறது. இதயம் தாங்குமா என்றுதான் டாக்டர் பார்ப்பார். ஜோதியம்மாள் பார்த்தது காலண்டரை. வெள்ளையம்மாள் மறுபடி வர நாள் கம்மியாக இருந்ததால் ஒன்றை இரண்டாக்கிவிட்டாள்.

கூடத்தில் தட்டு கிடுகிடுத்து, காபி ஜமக்காளத்தில் சிந்தியது. வெள்ளையம்மாள் முகம் மலர்ந்தது.

"பாத்தியாடா சகாதேவா, என்னா வெக்கம்! நல்லா வளத்து கீறீங்க."

ஜமக்காளத்தில் இரண்டு பேர் இடத்தை நிறைத்திருந்த அவள் மகன், அடுத்த பஜ்ஜியை எடுத்தபடி தலையாட்டினான்.

"தேதி வெச்சிக்கலாம். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் எளைச்சிடட்டும்."

கஸ்தூரி தட்டைக் கீழே வைத்தாள். "வெக்கம் இல்லீங்கம்மா, மாத்திரை. எங்க அத்தைக்கு எழுதுனத எனக்குக் குடுத்துட்டாங்க. நாளைக்கு டாக்டராண்ட போறேன். எளைக்கணும்னா உங்க புள்ளையையும் இட்னு வாங்க, மொதல்ல பிரஷர் பாக்கட்டும்."

"வாய மூடுடீ!" என்றாள் ஜோதியம்மாள்.

"ஆம்பளை இன்னாத்துக்கு எளைக்கணும்?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள், உண்மையாகவே புரியாமல்.

கஸ்தூரி அவர்கள் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கேசரித் தட்டை இழுத்துக்கொண்டாள். பெண் பார்க்கும் கூடத்தில் பெண் சாப்பிட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை. நடுங்கிய விரல்களிலிருந்து பாதி மடியில் விழுந்தது. வாயில் எச்சில் ஊறவில்லை. பசி துளியும் இல்லை.

இருந்தும் மென்றாள்.