வாத்தியாருக்கு முதல் தண்ணி

சவரிராயன் தலைமை ஆசிரியர். அவருக்குக் கீழே வேலை பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ஆசிரியர் கிடையாது. இருந்தது ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு நாற்காலி. ஆனாலும் கடத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது “வாத்தியாருங்களா?” என்று கேட்டால், “தலைமை ஆசிரியர்” என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

மனைவி வேளாங்கண்ணி பனிக்காலத்தில் இறந்துபோனாள். பள்ளியை ஒட்டிய ஓட்டு அறையில் அவர் தனியாகச் சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார். பள்ளி நடந்தவரை பிள்ளைகளின் இரைச்சலாவது இருந்தது. கோடை லீவு விட்டதும் அதுவும் போயிற்று. சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்க வேலையிருக்காது. குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வார். இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. பள்ளி திறக்கட்டும் என்று அவர் காத்துக் கிடந்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. அரூர்ப் பக்கம் அம்மை கண்டிருப்பதாகப் பேச்சு. நோய்த் தடுப்பு ஏற்பாடுகளோடு பள்ளியைத் திறக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. சவரிராயனுக்கு உத்தரவு என்றால் வெல்லக்கட்டி. வாசலில் சுண்ணாம்பால் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் கை கழுவ வாளி, அந்தப் பக்கம் காய்ச்சி ஆறிய தண்ணீர்ப் பானை. அம்மை குத்திய தழும்பைக் கையில் காட்டினால்தான் உள்ளே வரலாம். பினாயில் மட்டும் வந்து சேரவில்லை. அதனாலென்ன? வேம்பே நம் நாட்டுப் பினாயில் என்று ஆசிரியர் கூட்டத்தில், பாதிப் பேர் தூங்கத் தூங்கப் பேசியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடித்த கையோடு வேப்பங்கொத்துகளை ஒடித்து வாசல்நிலையின் இரு பக்கமும் செருகினார். குறுக்கே தோரணமும் கட்டினார். மஞ்சளும் கிருமிநாசினிதானே என்று படியில் கரைத்துத் தெளித்தார்.

திங்கட்கிழமை மணியடித்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை.

மாட்டை ஓட்டிக்கொண்டு சென்றாயன் வந்தான். அவன் பிள்ளைகள் மூன்று பேர் இங்கேதான் படித்தார்கள். வாசலைப் பார்த்ததும் நின்றான், செருப்பைக் கழற்றினான், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். பின்னால் வந்த பெண்களும் கும்பிட்டார்கள். சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் பாதி வணக்கம் போடாத ஊர்! சுகாதாரத்தின் மகிமையை உணர்ந்துவிட்டார்கள் என்று எண்ணி, ஆசீர்வதிப்பதுபோல் கையை உயர்த்தினார்.

“பசங்க எங்கய்யா?” என்று கூப்பிட்டுக் கேட்டார். சென்றாயன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மாட்டை விரட்டிக்கொண்டு போனான்.

மத்தியானம் யாரோ கோட்டுக்கு வெளியே ஒரு கலயம் கேழ்வரகுக் கூழை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மறுநாளும் கும்பிடு, மறுநாளும் கூழ். தெருவில் தாளிக்கிற வாசனை இல்லை, சண்டைச் சத்தம் இல்லை. மரியாதை நல்லதுதான், ஆனால் அதற்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க முடியாது. ஒன்றாம் வகுப்புப் பலகையில் தானே உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. எதிரே காலி நாற்காலி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், தான் போட்ட கோட்டைத் தானே தாண்டி, சென்றாயன் வீட்டுக்குப் போனார்.

“அய்யோ, அங்கியே நில்லுங்க வாத்தியாரே!” என்று சென்றாயன் கத்தினான். “வூட்ல கைப்புள்ள இருக்குதுங்க. இந்த நேரத்துல வெளிய வரலாங்களா?”

“எந்த நேரத்துல?”

“உங்களுக்கு அம்மா போட்டிருக்குதில்லீங்க?”

“எனக்கா? யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? வாசல்ல வேப்பலை சொருகியிருக்குது, மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்குது. போதாதுன்னு கோடு வேற. நாங்க என்ன குருடுங்களா?”

சவரிராயன் கிருமிநாசினி பற்றி விளக்கினார். யாரும் அசையவில்லை. சட்டையைக் கழற்றி முதுகையும் மார்பையும் காட்டினார். சென்றாயன் மனைவி ராமக்காள் எட்ட நின்றே உற்றுப் பார்த்தாள்.

“முத்து ஒண்ணையும் காணம். ஆத்தா எறங்கிட்டா.”

“வரவே இல்லம்மா!”

“வந்த ஆத்தாள வரலேன்னு சொல்லாதீங்க, கோவிச்சுக்குவா. தலைக்குத் தண்ணி ஊத்தாம எம்புள்ளைங்கள அனுப்ப மாட்டேன். இந்தத் தெருவுல ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க.”

“நான் வேதக்காரன்மா, மாதா கோயிலுக்குப் போறவன்.”

“இருந்துட்டுப் போங்க. ஒடம்பு ஒடம்புதானுங்களே.”

உத்தரவு, விஞ்ஞானம், கூட்டத்தில் பேசிய பேச்சு எல்லாம் அவர் தொண்டை வரை வந்தன. கூடவே அந்தக் காலிப் பலகையும் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எப்ப ஊத்துவீங்க?”

மறுநாள் காலை, பள்ளிக் கிணற்றடிக் கல்லில் தலைமை ஆசிரியர் துண்டோடு உட்கார்ந்தார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ராமக்காள் செம்பு செம்பாக ஊற்றினாள். “கண்ண மூடிக்கங்க” என்று அதட்டிவிட்டு, வேப்பிலையைக் கசக்கித் தலையில் தேய்த்தாள். பனிக்காலத்துக்குப் பிறகு அவர் தலையை ஒரு கை தொட்டது இதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டது மஞ்சளுக்காக மட்டுமில்லை.

“டேய், வாத்தியாரு மஞ்சளாயிட்டாருடா!” என்றது ஒரு பிள்ளை. எல்லாம் சிரித்தன. பிரம்பு பக்கத்தில் இருந்தும் அவர் எடுக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் கை கழுவின, தழும்பைக் காட்டின, கோட்டைத் தாண்டின. இரைச்சல் ஓட்டைத் தூக்கியது. இரண்டு முறை “அமைதி!” என்றார். மூன்றாம் முறை சொல்ல மனம் வரவில்லை.

சாயங்காலம் மணியடித்ததும் அத்தனையும் ஓடிவிட்டன. மஞ்சள் பிடித்த துண்டு கொடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. காலையில் மஞ்சத்தண்ணி கொண்டுவந்த தன் பானையை எடுத்துப்போக ராமக்காள் வந்தாள். சவரிராயன் பானையை எடுத்துக் கொடுத்தார். விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஏம்மா, நாள் விட்டு நாள் மூணு தண்ணி ஊத்தறது வழக்கம்னு சொல்வாங்களே?”

“நெசமா வந்திருந்தா ஊத்தணும். நீங்கதான் வரவே இல்லேன்னீங்களே.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நோய்த் தடுப்பை அரைகுறையா விடக்கூடாது” என்றார், தலைமை ஆசிரியரின் குரலில்.