சுண்ணாம்புக் கோட்டின் மேல் முப்பத்தொரு கன்றுகள்

தெருவில் அவருக்குக் கடப்பாரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதை எடுத்துப் புழங்கியதில்லை. இருபத்தாறு வருடமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுகிற வேலை. அதில் அவர் உடம்பு ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. தரையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் வெட்ட வேண்டும். ஏன், எதற்கு, யார் போட்டது என்றெல்லாம் கேட்பது மேஸ்திரியின் பாடு. அந்தப் பழக்கம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் குப்புறக் கவிழ்த்தது.

அவர் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டே தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் அளவெடுத்து வைத்திருப்பாள். தெருவின் பசுமைக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். தலைவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலை போனாலும் விசில் போகவில்லை. இரண்டு தரம் ஊதினால் வேலை தொடங்க வேண்டும், ஒரு தரம் ஊதினால் நிறுத்த வேண்டும். கூட்டத்துக்கு யாராவது தாமதமாக வந்தால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார்.

ஊரிலேயே பசுமையான தெருவுக்குப் பரிசு தருவதாக அறிவிப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை நாலு மணிக்கு நடுவர் வருவார். தெருவின் ஒரு பக்கம் முப்பத்தொரு வீடு. எதிர்ப்பக்கம் நீளத்துக்கும் ஒரு குடோன் சுவர். சுவரோரம் வீட்டுக்கு ஒரு கன்று என்று முடிவானது. குழி யார் தோண்டுவது என்று கேட்டதும் கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு வலி வந்துவிட்டது.

"யாரும் கவலைப்பட வேண்டாம்," என்றாள் தையல்காரி. "எங்க வீட்டுக்காரர் ஒருத்தரே தோண்டிடுவார்."

விஷயம் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

"வாரம் பூரா தோண்டுறேன். ஒரு நாளு முதுகை நிமிர்த்தலாம்னு பார்த்தா..."

"நான் ஊரு முன்னாடி சொல்லிட்டேன். இனி என் மானம் உங்க கடப்பாரையில இருக்கு," என்றாள்.

காலையில் போய்ப் பார்த்தால் சுவரோரம் நீட்டுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. கண்டக்டர், செயலாளர் போட்டது என்று நினைத்தார். செயலாளர், தலைவர் போட்டது என்று நினைத்தாள். கடப்பாரை ஒன்றுமே நினைக்கவில்லை. கோட்டைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், விசில் ஊதுவதற்கு முன்பே முதல் குழியை முடித்துவிட்டார். மதியத்துக்குள் முப்பத்தொரு குழி. நூல் பிடித்த மாதிரி கோட்டின் மேலேயே, எல்லாவற்றிலும் மண் இடப்பக்கமே குவிந்து. கன்றுகளை நட்டு, தண்ணீர் ஊற்றி, தெரு முழுக்க நின்று பார்த்தார்கள்.

"என்னா நேரா இருக்கு! பார்த்தீங்களா?" என்றாள் தையல்காரி, தானே தைத்த மடிப்பைக் காட்டுவதுபோல. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்தது அவருக்கு ஞாபகம் இல்லை. முதுகு வலி பாதி குறைந்துவிட்டது.

குறைந்த பாதி திங்கட்கிழமை காலை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. வேலை வண்டி வழக்கமான இடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவர் தெருவுக்குள்ளேயே நுழைந்தது. மேஸ்திரி குதித்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். வாயில் இருந்த பல்குச்சி கீழே விழுந்தது.

"எவன்டா அவன்? சனிக்கிழமை நான் கோடு போட்டுட்டுப் போனேன். அதுக்கு மேல தோப்பு வெச்சிருக்கான்!"

கடப்பாரைக்கு அப்போதுதான் கோடு யாருடையது என்று விளங்கியது. பக்கத்தில் நின்ற மச்சான், அவர் மனைவியின் தம்பி, அதே கூட்டத்தில் வேலை செய்பவன், காதோரம் குனிந்தான்.

"மாமா, நேத்து நீங்கதானே..."

"வாயை மூடு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"மூடுன்னு சொன்னேன்ல."

போட்ட கோட்டை அழித்தவனை மேஸ்திரி அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார். அதற்கு இரண்டு பேர் உதாரணம் இருந்தார்கள். கடப்பாரை அழிக்கக்கூட இல்லை, மரமே நட்டிருக்கிறார்.

"பிடுங்கிப் போட்டுட்டு வெட்டுங்க. சாயங்காலம் குழாய் உள்ள இறங்கணும்," என்றார் மேஸ்திரி.

கடப்பாரை முதல் கன்றுக்கு எதிரே போய் நின்றார். கோட்டைப் பார்த்ததும் ஓடுகிற கை அன்று ஓடவில்லை. அதற்குள் கண்டக்டரின் விசில் ஒற்றையாக அலறியது. தெருவே திரண்டு வந்தது. முன்னால் தையல்காரி, கழுத்தில் இஞ்ச் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக.

"எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்!" என்று வந்தவள், எதிரே நிற்பது யார் என்று பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள்.

மேஸ்திரி கடப்பாரையின் தோளில் தட்டினார். "யோவ், நீதான் பொம்பளைங்ககிட்ட பொறுமையா பேசுவே. அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

கண்டக்டர் வாயைத் திறந்தார். "இவருதானேம்மா நேத்து..." தையல்காரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கண்டக்டர் விசிலை எடுத்துத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டார்.

நேற்றுக் குழி தோண்டியவர் இவர் என்று தெரிந்தால் நாளைக்கு அவருக்கு வேலை இல்லை. அதை அவள் அந்த ஒரு நிமிஷத்திலேயே கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் கோபம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

"ஐயா," என்றாள், கை கூப்பி. "நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது."

கடப்பாரை மேஸ்திரியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அம்மா... கோடு போட்ட இடத்துல வெட்டணும்மா. மேல் உத்தரவு."

"கோடு போட்டா வெட்டிடுவீங்களோ? யாரு போட்டதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களோ?"

"கேட்டிருக்கணும்மா."

"உங்க வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா ஐயா?"

"இருக்காங்கம்மா."

"பாவம்."

மச்சான் ஆகாயத்தில் ஏதோ பறவை போவதை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னிக்கு நாலு மணிக்கு நடுவர் வராங்க. இந்தச் செடியெல்லாம் பிடுங்கிட்டு நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிட்டுடுவீங்களா ஐயா?"

"சாப்பாடு கிடைக்கும்னு தோணலைம்மா," என்றார் கடப்பாரை. காலையிலிருந்து அவர் பேசியதில் அதுதான் முழு உண்மை.

மேஸ்திரி பொறுமை இழந்து உத்தரவுத் தாளை விரித்தார். "இங்க பாரும்மா. சுவத்துல இருந்து மூணு அடி. எழுதியிருக்கு. நான் என்ன என் இஷ்டத்துக்கா போட்டேன்?"

"மூணு அடியா?"

"மூணே அடி."

தையல்காரி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். சுவரில் ஒரு முனையை அழுத்திப் பிடித்தாள். கோட்டில் மறுமுனை. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். ஆயிரம் பேர் இடுப்பு அளந்தவள். அளவில் அவளை ஏமாற்ற முடியாது.

"மூணே முக்கால் அடி."

"உன் டேப்பு இழுபட்டு நீண்டு போயிருக்கும்."

"நீண்டா அளவு குறைச்சுத்தான் காட்டும். சரி, இன்னும் நாலு இடத்துல பாருங்க." நாலு இடத்திலும் மூணே முக்கால்.

மேஸ்திரி டேப் வைத்து அளக்கிற ஆள் இல்லை. அவருக்கு அளவு என்றால் தன் மண்வெட்டியின் பிடி. சரியாக மூன்று அடி, எத்தனையோ வருடமாக. வண்டியிலிருந்து அதை எடுத்து வரச் சொன்னார். மச்சான் எடுத்து வந்தவன் சும்மா கொடுத்திருக்கலாம்.

"மேஸ்திரி, போன மாசம் பழைய பிடி முறிஞ்சு புதுசு போட்டோமே. இது கொஞ்சம் நீளம்ல?"

மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்த்துக் கடப்பாரைக்கே பாவமாகிவிட்டது. அவருடைய கோடு ஒருநாளும் தப்பியதில்லை என்பது அந்த வேலையில் எல்லோருக்கும் பாடம்.

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள். "அது ஒண்ணுமில்லைங்க. காத்துல சுண்ணாம்பு கொஞ்சம் நகர்ந்திருக்கும்," என்றாள்.

முக்கால் அடி நகரக் காற்று எப்படி அடித்திருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஆமா, ராத்திரி நல்ல காத்து," என்றார் மேஸ்திரி. "சுவத்துப் பக்கமா தள்ளி, சரியா மூணு அடியில வெட்டுங்கடா. செடி மேல பட்டுச்சு, தொலைச்சுடுவேன்."

கடப்பாரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வேலை என்று பார்த்தால் அது தண்டனைதான். பள்ளத்தின் விளிம்புக்கும் கன்றின் வேர்மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை. ஓங்கி ஒரு குத்துக் குத்த முடியாது. முப்பத்தொரு இடத்திலும் உட்கார்ந்து, கையளவு களைக்கொத்தை வைத்து மண்ணைச் சுரண்டினார். மற்றவர்கள் நடுவில் உள்ள நீளத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். கன்று பக்கம் வந்தால் மேஸ்திரி, "அவன் பார்த்துக்குவான், விடு," என்பார். ஏன் தன்னை மட்டும் சொல்கிறார் என்று கடப்பாரைக்குப் புரியவில்லை.

நாலு மணிக்கு நடுவரம்மா வந்தபோது தெரு, வயிற்றைத் திறந்துபோட்ட ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி கிடந்தது. பள்ளத்தில் கால் வைக்கப் போனவரைக் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார்.

"படியில நிக்காதீங்க!" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நடுவரம்மா பள்ளத்தைப் பார்த்தார், விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்ற கன்றுகளைப் பார்த்தார், அட்டையில் எழுதத் தொடங்கினார். "குழாய் வர்ற இடம்னு தெரியாம நட்டிருக்கீங்க. திட்டமே இல்லை. இந்தக் குழுவுக்குச் செயலாளர் யாரு?"

தையல்காரி முன்னால் வந்தாள். காலையில் மேஸ்திரியையே மடக்கியவள் இப்போது தெரு முன்னால், தலை குனிந்து, டேப்பின் முனையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

பள்ளத்துக்குள் இருந்த கடப்பாரையால் அதைப் பார்த்துக்கொண்டு சுரண்ட முடியவில்லை. கொத்தைக் கீழே போட்டார்.

"அம்மா, அவங்க மேல தப்பு இல்லை. குழி தோண்டினது நான். கோட்டைப் பார்த்தேன், தோண்டிட்டேன். யாரையும் கேக்கலை. அவங்க என் வீட்டுக்காரி."

சொல்லிவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினார், வாங்கிக்கொள்ளத் தயாராக.

மேஸ்திரி பீடியை அணைத்தார். "இதைச் சொல்ல நாலு மணி ஆச்சா? காலையில வந்து பார்த்தப்பவே தெரியும்யா. எல்லாக் குழியிலயும் மண்ணு இடப்பக்கம் கிடந்த தடம். என் ஆளுங்கள்ல இடது கைக்காரன் நீ ஒருத்தன்தானே?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நானும் ஒண்ணும் சொல்லலை, நீயும் பிடியைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே. போ, வேலையைப் பாரு."

நடுவரம்மா எழுதினதை அடித்தார், வேறு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கக் கண்டக்டர் எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. போகும்போது நடுவரம்மா, "எத்தனை செடி செத்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சாகலை," என்றார் கடப்பாரை.

"வெட்டின ஆளு நீங்க ஒருத்தரா?"

"செடிகிட்ட மட்டும்."

குழாய் இறங்கியது. மண் மூடியது. வண்டி கிளம்பிப் போன பிறகு கடப்பாரை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார். தொண்டை வறண்டு கிடந்தது. தையல்காரி குடத்தோடு வருவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கன்றுக்கு ஊற்றினாள். திரும்பிப் போய் மறுபடி குடத்தை நிரப்பி வந்தாள். மறுபடியும் தாண்டிப் போனாள். அவர் கை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தார்.

முப்பத்தொரு கன்றும் குடித்த பிறகுதான் அவர் முறை வந்தது.