வில்லனின் மூச்சு

என் அண்ணன் டப்பிங் பேசுகிறவன். ஒரு டிவி தொடரில் வரும் வில்லனுக்கு மூன்று வருடமாக அவன்தான் குரல். அந்த வில்லன் வாயைத் திறக்கும் முன் "ஸ்ஸ்... ஹீ..." என்று ஒரு மூச்சு இழுப்பான். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். அதை நடிப்பு என்று இயக்குநர் நினைத்துக்கொண்டிருந்தார். மரம் பூத்தால் மகரந்தம், பூக்காவிட்டால் ஸ்டுடியோ கம்பளத்தின் தூசி என்று அண்ணனைப் படுத்திய வீசிங் அது. ஒலிப்பதிவு செய்கிற எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

இந்த வருடம் அண்ணி அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நல்லா இருந்தாலும் தினமும் ரெண்டு வேளை இந்த இன்ஹேலர இழுக்கணும். இழுத்ததும் வாய் கொப்புளிக்கணும். இந்த நீலக் கலர் இன்ஹேலர், திணறல் வந்தா மட்டும்," என்றார் டாக்டர்.

ஒரு மாதத்தில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. வில்லன் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தான்.

"என்னய்யா, அந்த மூச்சக் காணோம்? அது இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார் இயக்குநர்.

அண்ணன் வெலவெலத்துப் போனான். யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினான். இரண்டு வாரத்தில் இழுப்பு வந்துவிட்டது, முன்னைவிடப் பலமாக. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக நடிக்கக் கற்றுக்கொண்டான் என்று நானும் மடச்சி மாதிரி பெருமைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை, வில்லன் ஒருவனை மிரட்டும் காட்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"பிரமாதம்! அப்படியே போ!" என்று இயக்குநர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஒலி அளவு காட்டும் மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவில்லை. அவன் வாய் திறந்திருக்கிறது, மைக்கில் சத்தமே இல்லை. எந்த டப்பிங்காரனும் மைக்குக்குக் கொடுக்காமல் மூச்சை வீணாக்க மாட்டான்.

ஹெட்போனை எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். அவன் பையைக் கொட்டி நீல இன்ஹேலரை எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தேன். இயக்குநர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பதற்றத்தில் முகவரிக்குப் பதில் காட்சி எண்ணைச் சொன்னார். போனைப் பிடுங்கி நானே சொன்னேன்.

மருத்துவமனை வாசலிலேயே அண்ணி இயக்குநரைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு வேணும்னா நடிக்கச் சொல்லுங்க. எம்புருஷனோடத எடுக்காதீங்க!"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரி என்றார்.

இரண்டு வேளையும் தவறாமல் மருந்து எடுத்து, உடம்பு தேறி, அண்ணன் மறுபடி மைக் முன் வந்தான். "ஸ்ஸ்... ஹீ..." என்றான். நான் கதவை உடைக்காத குறையாகப் பாய்ந்து இன்ஹேலரை அவன் வாயில் திணித்தேன்.

"லூசு! நடிக்கிறேன்டி! டேக் போச்சே!"

திட்ட ஆரம்பித்தான். தானும் அதே வீட்டுப் பிள்ளை என்பதை மறந்து என் பரம்பரையையே திட்டினான். நடுவில் எங்கும் நிற்கவில்லை, ஒரு தடவைகூட இருமவில்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் கொஞ்சம் திட்டுண்ணா," என்றேன்.