ஐந்தாவது சொல்

நெருப்பு, பால், ஆடு, வா, தண்ணீர். மைக்ரோபஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு அசையாமல், கல்தூமா அந்த ஐந்து சொற்களையும் ஸகாவா பாஷையில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவளுடைய பாஷை இல்லை, எதிர்வீட்டு மஸ்தூராவுடையது. நேற்று சாயங்காலம் வெண்டைக்காய் வற்றல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மஸ்தூரா அவளை அடுப்படியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீருக்கு ‘பி’. இருப்பதிலேயே சின்னச் சொல் அதுதான். மற்ற நாலும் நாக்கைச் சுளுக்கவைத்தன.

கெய்ரோவில் அவர்கள் இருந்த கட்டடத்தில் மாடிக்கு ஒரு பாஷை. கீழே ஃபூர், அதற்கு மேலே மஸலித், மூன்றாவதில் ஸகாவாவும் மீதோபும், உச்சியில் ஒரு திங்கா குடும்பம். இதெல்லாம் ஒரு வயிற்றில் பிறந்த பாஷைகள் என்று கீழ்வீட்டு வாத்தியார் ஒருநாள் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் அக்கா பேசுவது தங்கைக்கு ஏன் புரியவில்லை என்று மஸ்தூரா அவரை மடக்கினாள். கல்தூமாவும் சிரித்தாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு. அந்தக் கட்டடத்தில் அரபியைத் தவிர வேறொன்றும் தெரியாத கதவு அவளுடையது ஒன்றுதான். அவள் வீட்டார் பெர்த்தி இனம். ஊர் தார்ஃபூரில், மெலீத்துக்கு வடக்கே தகாபோ மலையடிவாரம். அவர்களுக்கும் ஒரு பாஷை இருந்ததுதான். யாரும் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. சந்தைக்கு அரபி போதுமாக இருந்தது, ஓதுவதற்கு அரபி வேண்டியிருந்தது, கல்யாணப் பேச்சும் அரபியில் நடந்தது. கடைசியில் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் பதில் சொல்ல எதிரே ஆள் இல்லாமல் போயிற்று.

இதைத்தான் அகதி அலுவலக அதிகாரியிடம் உள்ளபடி சொல்லப்போவதாக அவள் சொன்னபோது மஸ்தூரா தலையில் அடித்துக்கொண்டாள். “மறந்துட்டோம்னு சொன்னா யாருடி நம்புவா? தார்ஃபூர்க்காரிக்குப் பாஷை இல்லைன்னா எங்கிருந்தோ வந்து ஏமாத்துறான்னு நினைப்பாங்க. நாலஞ்சு வார்த்தை சொல்லிவை. எங்க பேச்சும் உங்க பேச்சும் பக்கத்துப் பக்கம்தானே?”

கல்தூமாவுக்குப் பொய் பிடிக்காது. ஆனால் மகன் பொஷாரா போலீஸ் காவலில் இருந்தான். சுவருக்கு வண்ணம் பூசும் வேலை முடிந்து வரும் வழியில் போலீஸ் வண்டியை நிறுத்தி அகதி அட்டை கேட்டது, அட்டை இல்லை. பதினோரு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கிருக்கிறவர்களை அஸ்வானுக்கு ஏற்றி, அங்கிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அகதி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன் பதிந்த நேர்காணல் தேதி தெய்வாதீனமாக இந்த வியாழக்கிழமை வந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொஷாராவுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவள் நினைக்கவே மாட்டாள். அவனுடைய இரண்டு தம்பிகளையும் அவள்தான் துணி போட்டு மூடினாள்.

அதிகாரி ரீஹாம் இளவயசுக்காரி, நல்லவளாகவும் தெரிந்தாள். ஊரைக் கேட்டாள், கிணறுகளைக் கேட்டாள், ஊரைக் கொளுத்திய நாளைக் கேட்டாள். கல்தூமா தடங்கலில்லாமல் சொன்னாள். பிறகு பாஷையைக் கேட்டாள். கொஞ்சம் தெரியும் என்றாள் கல்தூமா. பெர்த்தி தெரிந்தவர் அலுவலகத்தில் யாரும் இல்லை என்பதால், அதற்குக் கிட்டத்துச் சொந்தம் என்று ஸகாவாக்காரர் ஒருவரை அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். ஸனூஸி என்று பெயர். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான ஆள். நெருப்புக்கு என்ன என்றார். சொன்னாள். பால், ஆடு, வா. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளரைக் காட்டி, “இதுல இருக்கிறது என்ன அக்கா?” என்றார்.

“மி,” என்றாள் கல்தூமா.

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. பி இல்லை, மி. எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. பிறகு தெரிந்தது. அப்பா தோல் வாளியைக் கிணற்றிலிருந்து இழுத்துத் தொட்டியில் கவிழ்ப்பார். ஆடுகள் முண்டும். மி, மி, மி என்பார். அது ஆட்டை அழைக்கும் சத்தம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். மனிதர்களோடு பேச முடியாமல்போன பாஷையை அவர் ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நாற்பத்திரண்டு வயதில், முன்பின் தெரியாத ஒருத்தியின் மேஜை முன்னால், தன் பாஷையில் முதல் வார்த்தை பேசியிருக்கிறாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த ஒரு நொடி அவள் பொஷாராவைக்கூட மறந்திருந்தாள்.

ஸனூஸி ரீஹாம் பக்கம் திரும்பி அரபியிலேயே சொன்னார். “நாலு வார்த்தையும் எங்க ஜனங்க சொல்றமாதிரியே அச்சா இருக்கு மேடம். யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. அஞ்சாவதுல மாட்டிக்கிட்டாங்க. அப்படி எங்க பேச்சுல ஒரு வார்த்தையே கிடையாது.”

அது ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் எதிர்வீட்டில் கற்றுக்கொண்டவை என்று கல்தூமா சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. நாலு பொய் என்று தானே ஒப்புக்கொண்டவளின் ஐந்தாவதை யார் நம்புவார்கள்? ரீஹாம் பேனாவை மூடினாள். ஊர், இனம் எதையும் உறுதிசெய்ய முடியவில்லை என்றும், ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் தணிந்த குரலில் சொன்னாள். ஞாயிறு வரைக்கும் மூன்று நாள்தான் என்று கல்தூமா சொன்னாள். அதற்குத் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று ரீஹாம் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வாசலை அவள் தாண்டுவதற்குள் ஸனூஸி பின்னால் வந்து நிறுத்தினார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

“தண்ணிக்கு நாங்க ‘பி’ன்னு சொல்றோம், நீங்க ‘மி’ன்னு சொல்றீங்க. நீங்க எழுந்து போனப்புறம்தான் உறைச்சுது. அது உங்க வார்த்தையாத்தான் இருக்கணும்.”

“அப்ப அதை உள்ள போய்ச் சொல்லுங்க.”

“சொல்லிட்டுத்தான் வரேன் அக்கா. நான் நினைக்கிறது செல்லாதாம். அந்தப் பாஷை பேசுற ஒரு ஆளு வந்து ஆமான்னு சொல்லணுமாம்.” அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “யாராவது இருக்காங்களா?”

கல்தூமா யோசித்தாள். அவருக்காகத்தான் யோசித்தாள், அவளுக்குப் பதில் தெரியும். மெலீத்துக்குப் போகும் வழியில் ஒரு வேலமரத்தடியில் அப்பாவைப் புதைத்திருந்தார்கள். ஆடுகளை ஊரைக் கொளுத்தியவர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பையில் அசீதாக் களி இருந்தது, கூட நேற்றைய குழம்பு, ஒரு பாட்டில் தண்ணீர். உள்ளே ஆளைப் பார்க்க விடமாட்டார்கள், பொருளை மட்டும் கதவு ஓட்டை வழியாக வாங்கிக்கொள்வார்கள். கடிதம் கிடைத்ததா என்று பொஷாரா உள்ளேயிருந்து கத்திக் கேட்பான். பதினோரு நாளும் அதையேதான் கேட்டான். இன்றைக்கு என்ன சொல்வது என்று மைக்ரோபஸ்ஸில் வரும்போது அவள் எவ்வளவோ யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரன் அசீதாவைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, பாட்டிலை ஆட்டினான்.

“இதுல என்ன?”

“மி.”

“மய்யா,” என்று அவன் திருத்தினான். “இத்தனை நாளா இந்த ஊர்த் தண்ணியைத்தானே குடிக்கிறீங்க, அதுக்குப் பேரு ஒழுங்காச் சொல்ல வரலியா? சொல்லு, மய்யா.”

“மய்யா,” என்றாள் கல்தூமா.

அவன் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தான், ஒரு வாய் குடித்தான், புறங்கையால் துடைத்துக்கொண்டு பாட்டிலை ஓட்டைக்குள் நீட்டினான். அந்தப் பக்கத்து இருட்டில் பல கைகள் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன. அதில் பொஷாராவின் கை எது என்று கல்தூமா குனிந்து தேடினாள்.