வளையத்துக்குள் அசையாமல்

ஜூலை மாத மூடுபனி ஆஸ்பத்திரி ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. ஹானுசுக்கு ஜுரம் கொதித்தது. வலப்பக்க டான்சில் வீங்கி, இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகி மூன்று நாளாகிவிட்டது, கழுத்தும் புடைத்திருந்தது. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லாத டாக்டர், சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். சீழ் டான்சிலை ஒட்டியே இருந்தால் வாய்வழியாக ஊசியால் உறிஞ்சிவிடலாம். கழுத்தின் ஆழத்துக்கு இறங்கியிருந்தால் வெளியிலிருந்து கத்தி வைக்கவேண்டும். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்குமென்று அவரால் சொல்ல முடியவில்லை.

குரல் போனால் ஹானுசிடம் என்ன மிச்சம்? வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் அவருடைய ஊரின் வளைய ஆட்டத்துக்கு வாத்தியமே கிடையாது. கைகோத்து ஆடும் அத்தனை பேருக்கும் பாட்டெடுத்துக் கொடுப்பது அவர்தான். எண்பத்தைந்து அடிப் பாட்டையும் ஏடு பார்க்காமல் பாடுவார். அந்தக் கர்வமும் அவருக்கு உண்டு.

ஸ்கேன் எடுப்பவள் மர்யுன், அவர் மனைவியின் தங்கை. ஒரு திருவிழாவில் பாட்டெடுக்கும்போது ஓர் அடியை விட்டுவிட்டாள் என்பதற்காக, பதினைந்து வருஷமாக அவளை மறுபடி பாட்டெடுக்க அவர் விடவில்லை. எச்சில் விழுங்கக் கூடாது, பத்து விநாடி அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

படம் தெளிவாக விழக் கையில் ஏற்றிய மருந்து உடம்பெல்லாம் வெதுவெதுவென்று பரவியது. ஆட்டக்கூடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது வருமே, அதே கதகதப்பு. தலையைச் சுற்றி இயந்திர வளையம் உறுமிக்கொண்டு சுழன்றது. இடது பக்கம் இரண்டடி, வலது பக்கம் ஓரடி, அதே ஆட்டம். யார் யாரோ கை கோத்தார்கள், செத்துப்போனவர்கள்கூட வந்திருந்தார்கள். ஹானுஸ் சுகமாக மிதந்தார்.

படம் கலங்கலாக வந்தது. சீழ் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். மர்யுனுக்குச் சட்டென்று பிடிபட்டது. மீன் வேகும் நேரத்தையே பாட்டின் அடிகளால் அளக்கிற குடும்பம் அது.

ஒலிபெருக்கியில் கேட்டாள்: “அத்தான், பத்து விநாடிய எப்படி எண்ணுனீங்க? உள்ளுக்குள்ள பாடுனீங்களா?”

அவர் குற்றவாளி போல விரலைத் தூக்கினார். சத்தமில்லாமல் பாடினாலும் தொண்டை ஏறி இறங்கத்தான் செய்யும்.

“ஆஸ்பத்திரிக்கு வந்தும் அடங்கமாட்டீங்களே. சரி, மருந்து ரத்தத்துல இருக்கும்போதே இன்னொரு தடவ எடுத்துடலாம். இப்ப நான் பாடறேன், நீங்க சும்மா கேளுங்க. எண்ணுற வேல எனக்கு.”

வளையம் மறுபடி சுழன்றது. அவள் குரல் பனிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பாட்டில் அரண்மனைக் கதவு திறந்தது, இளவரசி வெளியே வந்தாள், அடுத்த அடியில் கப்பலில் நின்றாள். கரைக்கு இறங்கும் அடியைக் காணவே காணோம்! பாவம், இளவரசி கால் நனையாமல் கப்பலேறிவிட்டாள். ஹானுசின் நெஞ்சு துடித்தது. திருத்தச் சொல்லித் தொண்டை பரபரத்தது. அவர் அதை அடக்கினார். வாழ்நாளில் முதல்முறையாகப் பிறர் பாட்டை அப்படியே கேட்டார். அழகாக இருந்தது. இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் போனோமே என்று கண் கலங்கியது.

படம் தெளிவாக விழுந்தது. டான்சிலுக்குப் பக்கத்தில் திராட்சை அளவில் கறுப்பாக ஒரு பை, ஆழத்துக்கு இறங்கவில்லை. கத்தி வேண்டாம், ஊசி போதும் என்றார் டாக்டர்.

ஊசியால் சீழை உறிஞ்சி முடிந்தபின் மூன்று வாரம் பேசக் கூடாது என்று உத்தரவு. திருவிழாவுக்குப் பத்தே நாள். ஹானுஸ் தாளை வாங்கி எழுதினார்: ‘ஓர் அடியை விட்டுட்டே.’

“தெரியும்,” என்றாள் மர்யுன். “பாதியில நிறுத்துனா நீங்க அசைஞ்சிருப்பீங்க.”

அவர் மறுபடி எழுதினார்: ‘இந்த வருஷம் நீ பாட்டெடு.’

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். “அங்கயும் ஏதாவது விட்டுட்டேன்னா?”

ஹானுஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பெரிய எழுத்தில் எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்: ‘அசையமாட்டேன்.’